எட்டேகால் படகு

படகுக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஏரியின் இரண்டு கரையிலும் அதைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. 'டக்டக்' என்று கேட்டால் மட்டும் சின்னக் குழந்தைகூடக் கையை நீட்டித் துறையைக் காட்டும். அவர் படகின் டீசல் இன்ஜின் போட்ட சத்தம்தான் அந்தப் பேர். சத்தமா அது! படகில் பக்கத்திலிருப்பவரிடம் மணி கேட்க வேண்டுமென்றால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டித்தான் கேட்க வேண்டும். இறங்கிப் பத்தடி நடந்த பிறகும் காதுக்குள் டக்டக் ஓடிக்கொண்டிருக்கும்.

காலை எட்டேகாலுக்கு முதல் ஓட்டம். தட்டுகளை அடுக்கிக்கொண்டு முட்டைக்காரர் வருவார், பள்ளிக்கூடத்து டீச்சர் வருவார், தையல்காரர் வருவார், இன்னும் நாலைந்து பேர் வருவார்கள். கடைசியாகத் தம்பி வருவான். டக்டக்கின் கூடப்பிறந்த தம்பி, அக்கரை ஆஸ்பத்திரியில் பழைய ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா. இடது கையில் மிச்சமிருக்கிற மூன்று விரல்களால் மாதப் பாஸைப் பிடித்துக் காட்டுவான். அண்ணன் தலையை ஆட்டுவார். தம்பி நேரே முன்கோடிப் பலகைக்குப் போய், பின்னால் இருக்கிற அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். இருபத்தோரு வருஷமாக இரண்டு பேருக்கும் இவ்வளவுதான் பழக்கம். ஒரு வார்த்தை கிடையாது.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் காலத்தில் படகை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினார்கள். அண்ணன் பின்னால் இன்ஜினில், தம்பி முன்னால் கயிற்றில். தம்பிக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், படகு கிளம்பும், திடீரென்று "நிறுத்து! நிறுத்து!" என்று உயிர் போகிற மாதிரி கத்துவான். அண்ணன் பதறிப்போய்க் கியரை இழுத்தால், "ஒண்ணுமில்லே, கொட்டாவி வந்துச்சு" என்பான். வாரத்துக்கு மூன்று தடவையாவது இந்தக் கூத்து நடக்கும். ஒருநாள் அப்படித்தான் கத்தினான். அண்ணன் திரும்பிப் பார்த்தார். 'போடா போக்கிரி' என்று சிரித்துக்கொண்டே கியரைத் தொடாமல் விட்டுவிட்டார். அன்றைக்குத் துறைக் கம்பத்தில் மாட்டிய கயிறு அவன் கையைச் சுற்றியிருந்தது.

இரண்டு விரல் போயிற்று. அதைக்கூடத் தம்பி பொறுத்துக்கொண்டிருப்பான். ஏரி ஆபீஸிலிருந்து ஆள் வந்து விசாரித்தபோது, அண்ணன் ஒரு பொய் சொன்னார். "இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க." எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவன் ஒருவன்தான். அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்ததைக் கண்ணாலே பார்த்தவன் அவன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு கேட்டான்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. கேட்டுச்சா, கேக்கலையா?"

ஒரு 'ஆமாம்' போதும். அந்த நேரம் பார்த்து வாய் மக்கர் பண்ணியது. "அந்தச் சத்தத்துல எப்படிடா கேக்கும்?" என்றார் அண்ணன். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவன் வாய் அன்றைக்கு மூடியதுதான். கை ஆறியதும் அதே ஆஸ்பத்திரியிலேயே ஃபைல் அறையில் வேலை கொடுத்தார்கள். வேலைக்குப் போக இந்தப் படகை விட்டால் ஏரியைச் சுற்றிப் போகிற பஸ், ஒன்றரை மணி நேரம். அதனால் ஏறினான். பேசாமல் ஏறினான்.

டக்டக் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பெயிண்ட் கடை மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. அவருக்கு நாள் என்பதே எட்டேகாலிலிருந்து எட்டே முக்கால் வரையும், சாயங்காலம் திரும்பி வருகிற அரை மணியும்தான். அந்த நேரம் முழுக்க அவர் தம்பியின் முதுகோடு பேசிக்கொண்டிருப்பார். மனசுக்குள்ளேதான். என்ன சமைத்தேன், எங்கே வலிக்கிறது, நீ ஏன் இளைச்சுட்டே என்று ஒன்று பாக்கி விடாமல் சொல்லுவார். கடைசியில் தினமும் அந்த ஒரு வார்த்தையையும் சொல்லி முடிப்பார். மனசுக்குள்ளேதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்தவர்கள் ஏதோ பாட்டு முணுமுணுக்கிறார் என்று நினைத்தார்கள். இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷனுக்குத் தன் குரலே கேட்காது. வாய் தானாகப் பேசிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாது.

இன்னொரு சௌகரியமும் அந்த இன்ஜினில் இருந்தது. தம்பி வரத் தாமதமானால், "என்னமோ தெரியல, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதே" என்று கைப்பிடியைச் சுற்றுவார், டீசல் குழாயை ஊதுவார், ஸ்பேனரால் எதையாவது தட்டுவார். தம்பி ஏறி உட்கார்ந்த மறுநிமிஷம் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். முட்டைக்காரர் பொல்லாத ஆள். "உங்க இன்ஜினுக்கு ஆள் அடையாளம் தெரியும் போலிருக்கே" என்று கத்துவார். டக்டக் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஏரி ஆபீஸ் கடிதம் வந்து விழுந்தது. ஊருக்கெல்லாம் குடிக்கிற தண்ணீர் இது. பதினைந்தாம் தேதியிலிருந்து டீசல் படகு எதுவும் இறங்கக்கூடாது. சோலார் பேனல், பேட்டரி, மோட்டார் எல்லாம் ஆபீஸே தரும், மாட்டித் தரவும் ஆள் வரும். மற்ற துறைப் படகுக்காரர்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். இவர் மட்டும் அடுத்தடுத்து வந்த மூன்று கடிதத்தையும் கட்டிலுக்கடியில் தள்ளினார். நாலாவது தடவை ஆளே வந்து நின்றது.

வந்தவள் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர். பேட்டரிக்காரம்மா என்று துறையில் அன்றைக்கே பேர் விழுந்துவிட்டது.

"எத்தனை நாளம்மா ஆகும்?"

"பழைய படகு. இருபது நாள் வச்சுக்குங்க அண்ணே."

அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி தம்பிக்கு ரிட்டயர்மெண்ட். டீச்சரும் தையல்காரரும் சைகையில் பேசிக்கொண்டதை வைத்துத் தெரிந்துகொண்ட விஷயம் அது. அதற்குப் பிறகு அவன் ஏரியைத் தாண்ட ஒரு காரணமும் இல்லை. ஒரே ஊர்தான், ஆனால் அவன் வீட்டுத் தெருவில் கால் வைக்க இவருக்கு முகம் இல்லை. இருபத்தோரு வருஷம் 'நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வந்தவருக்கு, பதினாறு நாள் பாக்கி. அதையும் கரையிலேயே உட்கார்ந்து கழிக்கச் சொன்னால் எப்படி?

"இருபத்தொம்பதாம் தேதிக்குள்ள முடிச்சுக் கொடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அப்படி என்ன அவசரம்?"

"சும்மாதான்" என்றார்.

படகைக் கரையேற்றினார்கள். இன்ஜினைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறிப் படகோடு படகாகிவிட்டிருந்தன. நெருப்புக் காட்டி, எண்ணெய் விட்டு, சுத்தியால் அடித்து, நாலை அவிழ்க்க இரண்டு நாள். சங்கிலி கட்டி இன்ஜினைத் தூக்கியபோது டக்டக் பக்கத்தில் நிற்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், அந்த இடத்தில் கறுப்பாக ஒரு குழி; முப்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு பேரும் மண்டிபோட்டு அதைச் சுரண்டினார்கள். தண்ணீரில் இறக்கிப் பார்த்தபோது படகு தலையைக் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பாருங்கண்ணே, உங்க படகுக்கு மரியாதையே இல்லை" என்றாள் பேட்டரிக்காரம்மா. மணல் மூட்டைகளை இங்கும் அங்கும் நகர்த்தி, படகு நேரான பிறகு மூட்டை இருந்த இடங்களில் சாக்கட்டியால் கோடு போட்டாள். அந்த இடங்களில் பேட்டரிப் பெட்டிகள் உட்கார்ந்தன. விசிறி மாட்டிய பழைய தண்டையே சுத்தம் செய்து அதில் மோட்டாரை இணைத்தாள். கூரையில் ஆறு பேனல், துறையில் ஒரு ஷெட் போட்டு அதன் மேல் பன்னிரண்டு. வெயில் அடித்தால் கூரையே தீனி போடும்; மேகம் போட்டால் ஷெட்டில் சேமித்து வைத்த கரண்டில் செருகிக்கொள்ளலாம்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. ஆனால் வேலை நடக்க நடக்க டக்டக்குக்கு முகத்தில் ஈயாடவில்லை. எட்டேகால் ஆனால் கால் தானாகத் துறைக்கு இழுக்கும். துறையில் யாரும் இருக்க மாட்டார்கள். எல்லோரும் ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டிருப்பார்கள். ஒருநாள் மனசு கேட்காமல் பஸ் ஸ்டாப்புக்கே போய், மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால் நின்றார். தம்பி வந்தான். ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் திரும்பும்போது அவன் இந்தப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. அறுபத்தோரு வயசு மனுஷன், திருடன் மாதிரி பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு! தன்னைத்தானே திட்டிக்கொண்டு அறைக்கு வந்து சேர்ந்தார்.

அறையில் கட்டிலில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைத் தம்பி முதுகு என்று வைத்துக்கொண்டு ஏதாவது நினைத்துப் பார்த்தார். ஒன்றும் ஓடவில்லை. கீழே கடையில் பெயிண்ட் டப்பாவைக் குலுக்குகிற இயந்திரம் மட்டும் கடகடவென்று ஓடி நின்றது. இப்படியே இனிமேல் எல்லா நாளும் இருக்கப்போகிறது என்று அவருக்குப் புரிந்தது. அன்றைக்குச் சோற்றைப் பாதியில் மூடி வைத்தார்.

இருபத்தொன்பதாம் தேதி சொன்ன வாக்குப்படி வேலை முடிந்தது. வெள்ளோட்டம் விட்டார்கள். கைப்பிடி இல்லை, ஊதுவது இல்லை, ஒரு குமிழைத் திருகினால் படகு வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. அவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே உள்ளங்கை அளவுக்குச் சிவப்பாக ஒரு குமிழ் வைத்திருந்தாள்.

"இது எதுக்கு?"

"யாராவது 'நிறுத்து'ன்னு கத்தினா, யோசிக்காதீங்க, திரும்பிப் பாக்காதீங்க. ஓங்கி ஒரு அடி. அந்த நிமிஷமே நின்னுடும்."

அவர் அந்தக் குமிழை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் இவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

நடு ஏரியில் பேட்டரிக்காரம்மா முன்பக்கம் ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று திரும்பினாள். "என்னைக் கூப்பிட்டீங்களா அண்ணே? தம்பி, தம்பின்னு ஏதோ சொன்னீங்களே?"

"நானா? நான் வாயே திறக்கலியேம்மா."

"சத்தமாவே சொன்னீங்க."

"உனக்கு வெயில்ல காது அடைச்சிருக்கு" என்று சிரித்துவிட்டார். அத்தோடு அதை மறந்தும் போனார்.

முப்பதாம் தேதி எட்டேகால். எல்லோரும் வந்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்குள் நுழைவது போல ஆளாளுக்குக் கூரையைத் தொட்டுப் பார்த்தார்கள், பலகையைத் தடவிப் பார்த்தார்கள். தம்பி பாஸைக் காட்டினான். முன்கோடிப் பலகையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பதினைந்து நாளில் பிடரி முடி கொஞ்சம் கூடுதலாக நரைத்திருந்தது. டக்டக் பார்வையை இழுத்துக் குமிழில் வைத்தார். குமிழைத் திருகினார்.

"என்னங்க, கிளம்பிட்டமா?" என்று முட்டைக்காரர் பழைய பழக்கத்தில் கத்தினார். அந்தக் கத்தல் ஏரி முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். "மெதுவாப் பேசுங்க, முட்டை பொரிஞ்சிடப் போவுது" என்றார் தையல்காரர். எத்தனையோ வருஷமாக ஒரே படகில் போனவர்கள் அன்றைக்குத்தான் ஓடுகிற படகில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டார்கள். கொஞ்ச நேரம் கலகலவென்று இருந்தது. பிறகு தண்ணீர் படகோரத்தில் உரசுகிற சத்தம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

டக்டக் திரையில் பேட்டரி அளவைப் பார்த்தார். தொண்ணூற்றாறு. தம்பி முதுகைப் பார்த்தார். காற்று இதமாக இருந்தது. பின்னிருக்கையில் உட்கார்ந்து அந்த முதுகைப் பார்த்தால் அவருக்குள் எப்போதும் அவிழ்கிற மூட்டை அன்றைக்கும் அவிழ்ந்தது.

"என்னடா, அதே பழைய சட்டைதானா? ரெண்டு நாள்தான் பாக்கி, புதுசா ஒண்ணு எடுத்துப் போட்டுக்கக் கூடாதா? முழங்கால் வலி உயிர் போவுதுடா எனக்கு, மாடிப்படி ஏற முடியல. பதினஞ்சு நாளா உன் முதுகைப் பாக்காம சோறு இறங்கல. நாளன்னிக்கி நீ வரமாட்டே. அப்புறம் நான் யாரைப் பாத்துட்டு ஓட்டுறது? கேட்டுச்சுடா தம்பி. அன்னிக்கி நீ கத்தினது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. விளையாடுறேன்னு நினைச்சேன். கேக்கலைன்னு சொன்னது பொய். பயந்துபோய்ச் சொன்ன பொய். கேட்டுச்சுடா..."

முட்டைக்காரர் வாய் பிளந்து தன்னையே பார்ப்பதை டக்டக் அப்போதுதான் கவனித்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தையல்காரர் கையிலிருந்த நாடாவைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஏரிக்கு நடுவில் ஒரு கிழக்குரல் "கேட்டுச்சுடா" என்று சொல்லி அடங்குவதை டக்டக் தன் காதாலேயே கேட்டார். அது யார் குரல் என்று புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

தம்பி திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்து நின்றது. அக்கரை வந்ததும் முதல் ஆளாக இறங்கி, ஆஸ்பத்திரிப் பக்கம் விடுவிடுவென்று நடந்தான். மற்றவர்கள் டக்டக் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்கள். முட்டைக்காரர் மட்டும் இறங்கும்போது அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கிண்டல்காரரின் அந்தத் தட்டுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

சாயங்கால ஓட்டத்துக்குத் தம்பி வரவில்லை. பஸ்ஸில் போய்விட்டான் என்று தையல்காரர் சொன்னார். 'ஊரே கேட்கிற மாதிரி மானத்தை வாங்கிட்டோமே' என்று டக்டக் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இருபத்தோரு வருஷம் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. ஆனாலும் மனசு லேசாகவில்லை. முன்பு அந்த முதுகாவது இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி. எட்டேகால் ஆயிற்று. முன்கோடிப் பலகை காலியாக இருந்தது.

பழைய இன்ஜினாக இருந்தால் கைப்பிடியைச் சுற்றலாம், குழாயை ஊதலாம். இந்தப் பாழாய்ப்போன மோட்டாருக்கு ஒரு நோய்நொடியும் கிடையாது. திரையில் பச்சை விளக்கு, நூற்றுக்கு நூறு. சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டு இருபது ஆயிற்று.

"என்னண்ணே, பேட்டரிக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றார் முட்டைக்காரர். கிண்டலாகக் கேட்கவில்லை, வழி எடுத்துக் கொடுக்கிற மாதிரி கேட்டார்.

டக்டக் தலையை நிமிர்த்தினார். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் தம்பி வரணும். அதுக்குத்தான் நிக்கிறேன்."

இருபத்தோரு வருஷத்தில் அவர் வெளியே சொல்லி நின்ற முதல் நாள் அது. எட்டரை ஆனபோது டீச்சர் தயங்கித் தயங்கி, "அண்ணா, எனக்கு மணி அடிச்சிடும்..." என்றார்.

"ஆமாம்மா. ஆமாம்." அவரே எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார். முழங்கால் சுரீரென்றது. திரும்பி வந்து உட்கார்ந்து குமிழைத் திருகினார். படகு சத்தமில்லாமல் துறையை விட்டு விலகியது. நாலடி, எட்டடி, பன்னிரண்டடி. அவர் முன்கோடிப் பலகையைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்து! நிறுத்து!"

அவர் யோசிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளங்கை ஓங்கிச் சிவப்புக் குமிழில் விழுந்தது. படகு நின்று, தண்ணீரில் மெதுவாக ஆடியது. அந்தக் குரலைக் கேட்டு இருபத்தோரு வருஷம் ஆகியிருந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். கண்ணை மறைத்த தண்ணீரை முழங்கையால் துடைத்துக்கொண்டு பின்னால் ஓட்டித் துறையில் அணைத்தார்.

தம்பி ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்க வேண்டும், இவனுக்கு வாங்கவில்லை. எட்டேகாலிலிருந்து அந்த ஷெட்டுக்குப் பின்னாலேயேதான் நின்றிருக்க வேண்டும். படகில் காலை வைத்தான். பாஸை எடுக்கவில்லை. அண்ணன் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா" என்றார் டக்டக்.

தம்பி தலையை ஆட்டினான். முன்கோடிப் பலகைக்குத்தான் போனான். ஆனால் காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். முட்டைக்காரர் நடுவில் மறைக்கிற தட்டுகளை எடுத்துக் கீழே வைத்தார். படகு கிளம்பியது. முதுகோடு பேசிப் பழகியவருக்கு முகத்தோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேட்டரி அளவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், தம்பியின் புதுச் சட்டையைப் பார்த்தார். நாளைக்கு அந்தப் பலகை காலிதான் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஏரியின் நடுவில் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"எந்த முழங்கால்?" என்று கேட்டான்.